வாப்பாவின் ஸ்கூட்டரை இரும்புக்குப் போடாதீர்கள்!

உங்கள் வீட்டுப் பின்புறத்தில், விறகுக் குவியலுக்குப் பக்கத்தில், கிழிந்த தறப்பாள் ஒன்றைப் போர்த்திக்கொண்டு ஒரு பழைய ஸ்கூட்டர் நிற்கிறதா? வெஸ்பா, லம்பிரட்டா, பஜாஜ் சேத்தக் என்று ஏதோ ஒரு பெயர் அதன் முன்பக்கத்தில் இருக்கும். வாப்பா ஒரு காலத்தில் அதில்தான் கடைக்கும் கச்சேரிக்கும் போய் வந்திருப்பார். இப்போது பிள்ளைகள் ஏறி விளையாடுவதற்கும் கோழி அடைகாப்பதற்கும் உதவுகிறது. பழைய இரும்பு வாங்குகிறவர் வாசலுக்கு வரும்போதெல்லாம், "ராத்தா, இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போறீங்க? நிறையைப் பார்த்து ஒரு விலை தாறேன்" என்கிறார். வீட்டு ஆண்களுக்கோ நேரமில்லை. கராஜ்காரர், "இதற்கெல்லாம் இப்போது சாமான் இல்லை" என்று கையை விரிக்கிறார்.

சகோதரிகளே, அவசரப்பட்டு விலை பேசிவிடாதீர்கள். 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. திறந்தாலும் என்ன? வரிகளைக் கூட்டிப் பார்த்தால் புது வண்டியின் விலை நடுத்தரக் குடும்பத்தின் தலையைச் சுற்ற வைக்கிறது. இடையில் 2022இல் பெற்றோலுக்காக நாம் நின்ற வரிசைகளை யாரும் மறந்திருக்கமாட்டோம். கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. அந்த 4 லீற்றரை வைத்துப் பிள்ளையைப் பாடசாலைக்கும், உம்மாவை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோன வீடுகள் எத்தனை! அப்படிப்பட்ட நாட்களில் ஓடும் நிலையில் உள்ள ஒரு சின்ன வண்டி வீட்டுக்கு எவ்வளவு பெரிய கைத்துணை என்பது விளங்கியது.

இந்த வண்டியைப் பார்த்துக்கொள்ளப் பெரிய மெக்கானிக் படிப்பு தேவையில்லை. வீட்டில் இருப்பவரே கழற்றிப் பூட்டிக் கவனிக்கக்கூடிய விதமாகத்தான் அதை உருவாக்கியவர்கள் உருவாக்கினார்கள். தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, பொபினைக் கழற்றித் துடைத்து, ஊசி மாற்றத் தெரிந்த கைக்கு இதுவும் வசப்படும்.

எண்ணெய் படாத ஆடைக்காக

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இத்தாலி இடிந்து கிடந்தது. பொந்தெதேரா என்ற ஊரில் விமானம் செய்துகொண்டிருந்த பியாஜியோ கம்பனியின் தொழிற்சாலையும் குண்டுவீச்சில் சிதைந்தது. இனி விமானம் செய்ய வழியில்லை. சனங்களுக்கோ வேலைக்குப் போய்வர மலிவான ஒரு வாகனம் வேண்டும். முதலாளி என்ரிகோ பியாஜியோ அந்தப் பொறுப்பைக் கொராதினோ தஸ்கானியோ என்ற பொறியியலாளரிடம் கொடுத்தார். அவர் ஹெலிகொப்டர் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். வேடிக்கை என்னவென்றால், அவருக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே பிடிக்காது! அது உடையை அழுக்காக்கும், செயின் எண்ணெயைத் தெறிக்கும், டயர் காற்றுப் போனால் சில்லைக் கழற்றுவது பெரும்பாடு என்பது அவருடைய குறை.

பிடிக்காதவர் கையில் கொடுத்ததே நன்மையாயிற்று. பிடிக்காத ஒவ்வொன்றையும் அவர் நீக்கினார். செயினை எடுத்துவிட்டு எஞ்சினைப் பின் சில்லோடு நேராகச் சேர்த்தார். கியரைக் காலிலிருந்து இடது கைப்பிடிக்குக் கொண்டுவந்தார். எஞ்சினை மூடியால் மறைத்தார். பாவாடை உடுத்த பெண்ணும் காலைத் தூக்கிப் போடாமல் ஏறி அமரும்படி நடுவில் இடம் விட்டார். விமானத்தின் சில்லைப்போல ஒரே பக்கத்துக் கையில் முன் சில்லைப் பொருத்தினார். காரில் கழற்றுவதுபோல நட்டுகளைக் கழற்றி அதை மாற்றலாம். 1946ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் திகதி இந்த வடிவத்துக்குக் காப்புரிமை கோரப்பட்டது. முதல் வண்டியின் எஞ்சின் 98 சீசீ. மெலிந்த இடுப்பும் எஞ்சினின் ரீங்காரமும் குளவியை நினைவூட்டியதால் 'வெஸ்பா' என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். இத்தாலிய மொழியில் வெஸ்பா என்றால் குளவி.

இத்தாலியில் வேறு மோட்டார் சைக்கிள்களும் உண்டு. 1921இல் தொடங்கிய மோட்டோ குஸ்ஸி, 1926இல் வானொலி உதிரிப்பாகம் செய்யத் தொடங்கிப் பின்னர் மோட்டார் சைக்கிளுக்கு வந்த டுகாட்டி ஆகியவற்றை உலகமெங்கும் ஆர்வலர்கள் வீட்டுக் கொட்டிலில் வைத்துச் சீராட்டுகிறார்கள். நம் மலைநாட்டில் அவற்றைத் தேடி அலைவதில் பயனில்லை. இத்தாலிய வண்டி நம்மிடம் பெரும்பாலும் இந்தியாவைச் சுற்றிக்கொண்டுதான் வந்து சேர்ந்தது. பூனாவின் பஜாஜ் கம்பனி பியாஜியோவின் அனுமதியோடு வெஸ்பாவைச் செய்தது. அந்த ஒப்பந்தம் 1971இல் முடிந்ததும் 1972இல் அதே உடம்புக்கு 'சேத்தக்' என்று பெயர் வைத்தது. அது மகாராணா பிரதாப்பின் குதிரையின் பெயர். மிலானில் 1947இல் பிறந்த லம்பிரட்டாவின் கதை இன்னும் விசித்திரமானது. இத்தாலியில் தயாரிப்பு நின்றபோது இந்திய அரசாங்கம் இயந்திரங்களையே விலைக்கு வாங்கி, 1972இல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. 'விஜய் சுப்பர்' அங்கிருந்து வந்ததுதான்.

ஸ்கூட்டர் உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் அதன் உறவினர் உங்கள் தெருவில் நிச்சயம் நிற்கிறார். 1948இல் பியாஜியோ வெஸ்பாவோடு ஒரு சில்லைக் கூட்டிச் சாமான் ஏற்றும் வண்டி ஒன்றைச் செய்தது. பெயர் 'ஆப்பே', அதாவது தேனீ. அதன் வழிவந்ததுதான் நம் திரீவீலர். நானுஓயா ஸ்டேசன் வாசலில் ரயிலுக்குக் காத்து நிற்கும் பஜாஜ் திரீவீலர் ஒன்றைக் குனிந்து பாருங்கள். முன் சில்லைப் பிடித்திருக்கும் அந்த ஒற்றைக் கையும், இடது கைப்பிடியில் திருகும் கியரும் எங்கிருந்து வந்தவை என்று தெரியும். இரண்டு ஸ்ட்ரோக் திரீவீலர்களின் இறக்குமதியை 2008இல் அரசாங்கம் நிறுத்தியதால் இப்போது வருபவை நான்கு ஸ்ட்ரோக். ஆனாலும் குடும்பச் சாயல் போகவில்லை.

மலையேறினால் மூச்சு வாங்கும்

எங்கள் பகுதிச் சகோதரி ஒருவர் வாப்பாவின் சேத்தக்கைக் கொழும்பிலிருந்து நானுஓயாவுக்குக் கொண்டுவந்தார். அங்கே நல்லபடி ஓடிய வண்டி இங்கே வந்ததும் கறுப்புப் புகை கக்கியது. காலையில் உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். ஒரு கராஜில் காட்டினால், "எஞ்சினை இறக்கிப் பிஸ்டன் மாற்றவேண்டும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். அவர் எடுத்திருந்த சீட்டுப் பணம் முழுவதையும் கொடுத்தாலும் போதாத தொகை அது.

உண்மையில் பிஸ்டனுக்கு ஒன்றுமில்லை. நானுஓயா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கு அளவுதான். காற்று குறைந்தால் அதில் எரியவேண்டிய பெற்றோலும் குறையவேண்டும் அல்லவா? காபரேட்டருக்கு அது தெரியாது. கொழும்புக்கு என்று பொருத்திய ஜெட் கொழும்பின் அளவிலேயே பெற்றோலை ஊற்றிக்கொண்டிருக்கும். மூன்று பேருக்கு ஆக்கும் கறிக்கு ஐந்து பேருக்கான உப்பைப் போட்ட கதைதான். எரியாத பெற்றோல் புகையாகிறது, பிளக்கில் கரியாகப் படிகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பிளக் ஸ்பெனர் போதும். எஞ்சின் சூடாக ஓடிய பிறகு நிறுத்தி, ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றி நுனியைப் பாருங்கள். பிஸ்கட் நிறமாக இருந்தால் எல்லாம் சரி. சட்டியடிபோல் உலர்ந்த கறுப்பாக இருந்தால் பெற்றோல் கூடுதல். ஈரமாக எண்ணெய் வழிந்தால் எண்ணெய்க் கலவை கூடிவிட்டது, அல்லது உள்ளே சீல் கசிகிறது. வெள்ளையாக வெந்து போயிருந்தால்தான் பயப்படவேண்டும்: பெற்றோல் போதவில்லை, எஞ்சின் அளவுமீறிச் சூடாகிறது. பிளக்கின் வாய் இடைவெளி 0.6 மில்லிமீற்றர். பித்தளைத் தூரிகையால் கரியை எடுத்து, இடைவெளியைச் சரிபார்த்துப் பூட்டுங்கள். முதல் சில சுற்றுக்களைக் கையாலேயே திருப்புங்கள். ஸ்பெனரை முதலிலேயே போட்டால் மரை கோணலாகி அலுமினியத் தலை கெட்டுவிடும்.

ஜெட்டை மாற்றுவதும் வீட்டு வேலைதான். சேத்தக்கிலும் வெஸ்பாவின் பெரிய ரகங்களிலும் எஞ்சின் மூடியைத் திறந்து, காபரேட்டர் பெட்டியின் மூடியையும் காற்று வடிகட்டியையும் எடுத்தால் ஜெட் மேலிருந்தே ஸ்குரூ டிரைவருக்கு எட்டும். அதில் எண் பொறித்திருக்கும். எண் சிறியதானால் துவாரமும் சிறியது. இருப்பதைவிட ஒரு படி குறைந்ததைப் போட்டு ஓடிப் பிளக்கைப் பார்த்து, தேவையானால் இன்னொரு படி இறங்குங்கள். ஒரேயடியாக மிகச் சிறியதைப் போட்டால் வெள்ளைப் பிளக் கதைதான். தாழ்நிலத்துக்கு ஓட்டிப்போகும் நாளில் மறக்காமல் பழைய ஜெட்டை மாட்டவேண்டும். இந்த வேலையில் ஈடுபடும்போது காபரேட்டரின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். சின்ன ஸ்குரூ ஒன்று உள்ளே விழுந்தால் அப்புறம் எஞ்சினை இறக்கத்தான் வேண்டும்.

அந்தச் சகோதரியின் வண்டிக்கு இந்த ஜெட் மாற்றமும், கரி அடைத்த சைலன்சரைச் சுத்தம் செய்ததும் போதுமானதாயிற்று. இப்போது அபாயாவைச் சற்று உயர்த்திப் பிடித்து அமர்ந்து, மகளைப் பின்னால் ஏற்றி, நுவரெலியாவுக்குத் தானே ஓட்டிப் போகிறார். ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு இறங்கவேண்டியிருக்கிறது என்று குறைப்பட்டார். அது நோயல்ல. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறையும்போது எஞ்சினின் பலமும் ஏறக்குறைய அந்த அளவு குறையத்தான் செய்யும்.

எண்ணெய்க் கலவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு உள்ளே தனியாக எண்ணெய் இல்லை. பெற்றோலோடு நாம் கலக்கும் எண்ணெய்தான் பிஸ்டனை நனைக்கிறது. சேத்தக் போன்றவற்றுக்கு நூற்றுக்கு 2 பங்கு, அதாவது ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் டூ-டீ எண்ணெய். ஐம்பதுகளின் பழைய வெஸ்பாக்களுக்கு இதைவிடக் கூடுதலாக வேண்டும், கைநூலைப் பாருங்கள். பிள்ளைகளின் மருந்துப் போத்தலோடு வரும் அளவுக் கோப்பை இதற்கு வசதியானது. ஆனால் ஒருமுறை எண்ணெய்க்கு எடுத்த கோப்பையை மருந்துப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிடாதீர்கள். "கொஞ்சம் கூட ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது" என்று சிலர் கண் மதிப்பில் ஊற்றுவார்கள். அதன் பலன் புகையும் கரியும், வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தோல்வியும்தான். பிற்காலத்தில் வந்த நான்கு ஸ்ட்ரோக் பஜாஜ் ஸ்கூட்டர்களுக்கு இந்தக் கலவை கூடவே கூடாது.

இறக்கமே பெரிய சோதனை

2023 ஜனவரி 20ஆம் திகதியை நானுஓயாவில் யாரும் மறக்கவில்லை. பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒன்று ரதல்ல வீதியின் இறக்கத்தில் ஒரு வேனோடும் திரீவீலரோடும் மோதி ஏழு உயிர்கள் போயின. நம் வீதிகளின் இறக்கம் பெரிய வாகனத்தையே இப்படிச் சோதிக்கிறது என்றால், கையகல பிரேக் உள்ள பழைய ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? ஏற்றத்தில் வண்டி திணறினால் நேரம்தான் போகும். இறக்கத்தில் தவறினால் போவது வேறு.

பெற்றோல் மிச்சம் பிடிக்கிறோம் என்று எஞ்சினை அணைத்தோ, கியரை விடுவித்தோ இறக்கத்தில் விடும் பழக்கம் மலைநாட்டில் பரவலாக இருக்கிறது. உங்கள் கணவரோ மகனோ அப்படிச் செய்தால் உரிமையோடு தடுத்து நிறுத்துங்கள். கியர் பிடித்திருக்கும்போது எஞ்சினே பாதி பிரேக்காக வேலை செய்கிறது. அதை விடுவித்தால் முழுப் பாரமும் இரண்டு சின்ன டிரம்களின் தலையில் விழும். தொடர்ந்து அழுத்தினால் அவை சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள் என்பது பழைய லொறிச் சாரதிகளின் சொல்.

இனி, இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கே உரிய ஓர் இரகசியம். பல வருடம் ஓட்டியவர்களுக்கும் இது தெரிவதில்லை. எண்ணெய் பெற்றோலோடுதான் வருகிறது என்றோம் அல்லவா? நீண்ட இறக்கத்தில் எக்ஸிலேட்டரை முழுதாக மூடிவைத்தால் பெற்றோல் வராது, எண்ணெயும் வராது. எஞ்சினோ கியரின் இழுவையில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். எண்ணெயில்லாத பிஸ்டன் சூடேறிச் சட்டென்று இறுகிப் பிடித்தால் பின் சில்லு அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். வளைவில் அது நடந்தால் விளைவை நினைத்துப் பாருங்கள். ஆகவே இறங்கும்போது சில விநாடிகளுக்கு ஒருமுறை கிளச்சைப் பிடித்து எக்ஸிலேட்டரைச் சற்றுத் திறந்து மூடவேண்டும். எஞ்சின் ஒரு மிடறு எண்ணெய் குடித்துக்கொள்ளும். எஞ்சின் இறுகுவதுபோல் தோன்றினால் அதே கணத்தில் கிளச்சைப் பிடியுங்கள், சில்லு விடுபடும்.

பிரேக்கைப் பரிசோதிப்பது எளிது. வண்டியைச் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சில்லைக் கையால் சுற்றிக்கொண்டே கால் பிரேக்கை அழுத்துங்கள். உடனே நிற்கவேண்டும், விட்டதும் உராயாமல் சுற்றவேண்டும். கேபிள் நுனியில் உள்ள நட்டை எவ்வளவு முடுக்கியும் பிடிக்கவில்லை என்றால் உள்ளே லைனிங் தேய்ந்துவிட்டது. வெஸ்பாவின் முன் பிரேக்கைப் பிடித்தால் முன்பக்கம் தலைகுனியும். அது அதன் சுபாவம். பயந்துபோய் முன் பிரேக்கையே தொடாமல் ஓட்டுவது தவறு. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பழகவேண்டும்.

பின்னால் அமரும் சகோதரிகளுக்கு: அபாயாவின் ஓரம், சேலை முந்தானை, பர்தாவின் நுனி எல்லாவற்றையும் ஏறுமுன் மடித்துச் செருகிக்கொள்ளுங்கள். எஞ்சின் மறைந்திருந்தாலும் சில்லு திறந்துதான் இருக்கிறது. ஹெல்மட் இருவருக்கும் வேண்டும். சந்திக் கடைவரைதானே என்று அதை வீட்டில் விட்டுப் போகாதீர்கள். இரண்டு பேர் போவதானால் பின் டயருக்குக் காற்றையும் கூட்டவேண்டும். பத்து அங்குல வெஸ்பாவில் ஒருவருக்கு 25 இறாத்தல் என்றால் இருவருக்கு 36.

சில்லும் கம்பியும்

டயர் காற்றுப் போனால் வெஸ்பாக்காரர் வழியில் அழவேண்டியதில்லை. உபரிச் சில்லு வண்டியிலேயே இருக்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் அதே சில்லுதான். 13ஆம் இலக்க ஸ்பெனரால் ஐந்து நட்டுகளைக் கழற்றி மாற்றிவிடலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்தச் சில்லின் இரும்பு வளையம் இரண்டு பாதிகளாகச் செய்து இணைக்கப்பட்டது. உள்வட்டத்தில் உள்ள நட்டுகள் சில்லை வண்டியோடு பிடித்திருப்பவை. வெளிவட்டத்தில் உள்ளவை இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்திருப்பவை. டியூப் மாற்றுவதற்காக இந்த இரண்டாவதைக் கழற்றும்போது, முதலில் வால்வை எடுத்துக் காற்று முழுவதையும் இறக்கிவிடுங்கள். காற்றோடு கழற்றினால் பாதி வளையம் வெடித்து முகத்தில் அடிக்கும். வீட்டில் துருதுருவென்று ஸ்பெனரோடு திரியும் பையன் இருந்தால் இதை அவனிடம் இன்றே சொல்லிவையுங்கள்.

கேபிள்கள் அறுவது இந்த வண்டிகளின் வழக்கமான தொல்லை. கிளச் கம்பி பெரும்பாலும் கைப்பிடியின் நெம்புகோலுக்குள் இருக்கும் குண்டுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு நூலாகப் பிரியும். மாதம் ஒருமுறை அந்த இடத்தைப் பார்த்தால் அறுவதற்கு முன்பே தெரிந்துவிடும். வெளி உறையும் பழுதானால் அதை வண்டியின் உடம்புக்குள்ளால் செலுத்தவேண்டும். இதைக் கண்டு பயப்படுகிறவர்கள் ஆண்கள்தான்! பாவாடைக்கு நாடா கோத்த கைக்கு இது பழகிய வேலை. பழைய உறையின் நுனியில் புதியதைக் கம்பியால் கட்டி, மறுபக்கத்தால் பழையதை இழுத்தால் புதியது தானாக வந்துவிடும். பழையதை முதலில் உருவிவிட்டு அப்புறம் யோசித்தால் அரை நாள் போய்விடும்.

கியர் பெட்டிக்கு 250 மில்லிலீற்றர் எஸ்ஏஈ 30 எண்ணெய். கிளச்சும் அதிலேயே நனைகிறது. வருடத்துக்கு ஒருமுறையாவது எஞ்சின் சூடாக இருக்கும்போது அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி வடித்து மாற்றுங்கள். வடிந்ததை அளந்து பார்ப்பது நல்ல பழக்கம். பாதிதான் வந்தது, சைலன்சரிலோ வெள்ளைப் புகை என்றால், கிளச் பக்கத்துச் சீல் தேய்ந்து எஞ்சின் அந்த எண்ணெயைக் குடிக்கிறது. எக்ஸிலேட்டரை விட்டும் எஞ்சின் தானாக அலறினால் மறுபக்கத்துச் சீல் காற்றை உள்ளே விடுகிறது என்று சந்தேகிக்கலாம். இந்த இரண்டும் வீட்டில் செய்யும் வேலையல்ல. நல்ல பாஸ் ஒருவரிடம் கொடுங்கள். ஆனால் என்ன கோளாறு என்று தெரிந்து கொடுப்பதற்கும், "என்னவென்று பாருங்கள்" என்று கொடுப்பதற்கும் பில்லில் வித்தியாசம் தெரியும். பழைய வண்டிகளில் உள்ள பொயிண்டின் இடைவெளியை 0.3க்கும் 0.5 மில்லிமீற்றருக்கும் இடையில் வைக்கும் வேலையையும் முதல் தடவை அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்துவிட்டால், அடுத்த முறை நீங்களே செய்வீர்கள்.

மூடுபனியும் துருவும்

ஜப்பான் மோட்டார் சைக்கிளுக்குக் குழாய்ச் சட்டம் உண்டு. வெஸ்பாவுக்குத் தகட்டு உடம்பேதான் சட்டம். ஆகவே அதில் துரு என்பது அழகுக் குறை மட்டுமல்ல, முதுகெலும்புத் தேய்வு. மழையும் மூடுபனியும் விட்டுப் பிரியாத நம் ஊரில் முதலில் உக்குவது கால் வைக்கும் தட்டுத்தான். அழகுக்காக அதன்மேல் விரித்த இறப்பர் விரிப்புக்குக் கீழே தண்ணீர் தங்கிவிடும். வாரம் ஒருமுறை அதை எடுத்து உலர்த்துங்கள். அடிப்பக்கத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துரு தடுக்கும் பூச்சு அடியுங்கள். வண்டியை மண் தரையில் நிறுத்தாமல் பலகை மேல் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் தறப்பாளால் இறுக்கிப் போர்த்தினால் உள்ளே வியர்த்து இன்னும் கெடும். காற்றுப் புகும் துணிதான் நல்லது.

பெயின்ட் அடிக்கக் கொடுக்கும் முன் ஒரு விடயம். எஞ்சின் மூடிக்குக் கிட்ட உடம்பில் சேசி இலக்கம் பொறித்திருக்கும். பெயின்ட் அடிப்பவர் அதைத் தேய்த்தோ, பூச்சு அப்பியோ மறைத்துவிட்டால் பின்னால் பெயர் மாற்றும்போது பெரும் சங்கடம். வாப்பா மௌத்தாகி வருடக் கணக்காகியும் புத்தகம் அவர் பெயரிலேயே கிடக்கும் வீடுகள் பல. செலவு செய்யத் தொடங்கும் முன் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். வாரிசுகள் எல்லோருக்கும் பங்குள்ள பொருள் அது. அண்ணன் தம்பிகளின் சம்மதம் இல்லாமல் ஒருவர் பணத்தைப் போட்டுவிட்டுப் பிறகு மனக்கசப்பு வளர்ப்பதைவிட, முதலிலேயே பேசி முடிப்பது சுலபம்.

வீட்டில் வண்டி இல்லை, ஆசைக்கு ஒன்று வாங்கலாம் என்போர், பளபளவென்று மின்னும் வண்டியைக் கண்டு மயங்கவேண்டாம். வியட்நாமிலிருந்து வெளிநாடுகளுக்குப் போன பல வெஸ்பாக்கள் உள்ளே உக்கிய தகட்டை ஒட்டுப்போட்டு மேலே பெயின்ட் பூசியவை என்று அங்குள்ள ஆர்வலர்கள் ஏமாந்து கற்றிருக்கிறார்கள். காந்தத் துண்டு ஒன்றை உடம்பெங்கும் ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது தகடல்ல, பசை. நேர்மையாகத் துருப்பிடித்த வண்டி, பூசி மெழுகிய வண்டியைவிட மேல் என்பது என் கருத்து.

பெற்றோல் வேலையை ஒருபோதும் குசினிக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். அதன் ஆவி தரையோடு ஊர்ந்து அடுப்பைத் தேடிப் போகும். திறந்த வெளியில் செய்யுங்கள். துடைத்த துணியையும் வெளியிலேயே உலரவிடுங்கள். மண்ணெண்ணெயும் பெற்றோலும் சோடாப் போத்தலில் இருக்கவே கூடாது. பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடவேண்டும். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் ஆசனத்துக்குக் கீழே உள்ள பெற்றோல் குழாயின் பிடியை மூடுங்கள். மூடாவிட்டால் சில வண்டிகளில் பெற்றோல் இரவெல்லாம் எஞ்சினுக்குள் இறங்கிக் காலையில் கிளம்ப மறுக்கும். மாதக் கணக்கில் ஓடாது என்றால், பிடியை மூடிவிட்டு எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டுக் காபரேட்டரை வெறுமையாக்குங்கள்.

சாமான் கிடைக்காது என்பது முழு உண்மையல்ல. இந்தியாவில் லட்சக் கணக்கில் ஓடிய வண்டிகள் இவை. பஜாஜ் 2009இல் பெற்றோல் ஸ்கூட்டரிலிருந்து விலகுவதாக அறிவித்த பின்னும், கேபிள், லைனிங், சீல், பிஸ்டன் வளையம் போன்றவற்றை அங்கே சிறு தொழிற்சாலைகள் செய்துகொண்டுதான் இருக்கின்றன. கொழும்பில் மருதானைக்குப் பக்கத்துப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் பொறுமையாகத் தேடினால் பழையதும் புதியதும் அகப்படும். யாராவது அந்தப் பக்கம் போகும்போது வண்டியின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதாது. ஒரே பெயரில் வெவ்வேறு வருடங்களில் வந்தவற்றுக்குச் சாமான் மாறும். தேய்ந்த பழைய சாமானைக் கழுவித் துடைத்து, ஒரு துணியில் சுற்றிக் கையோடு கொடுத்தனுப்புங்கள்.